நிமிடத்துக்கு முப்பத்தெட்டு

இயந்திரம் கத்துகிறது.
நான் எழுவதற்குள்
படுத்திருப்பவர் கையை உயர்த்துகிறார்:
‘பதறாதே அம்மா,
இருபத்தாறு வயதில் அது முப்பத்தொன்று.’

ஹாமில்டன், ஜனவரி,
மலையடிவாரத்து மருத்துவமனை, நான்காம் மாடி.
ஒட்டுகளுக்காக நெஞ்சு மயிரை மழிக்கிறேன்.
கால்களில் எனக்கு வேலையே இல்லை.
எழுபத்தொன்பது வயதிலும்
சனிக்கிழமைதோறும் தானே மழித்துக்கொள்கிறாராம்.
‘விழுந்தால் காயம் கழுவ லேசு.’
இனி எங்கே விழப்போகிறீர்கள் என்று
நான் கேட்கவில்லை.

ஓரெஸ்தே பெல்த்ராமெல்லி.
பட்டியலில் பெயரைப் பிழையாய்த் தட்டியிருந்தார்கள்.
பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதின என்றார்,
ஜெயிக்கும்வரை.

முதல் வேலை, மரண அறிவித்தல் ஒட்டுவது.
கறுப்புக் கரை போட்ட தாள், பசை வாளி,
ஏழு ஊர், ஒரு சைக்கிள்.
பிணம் எடுக்குமுன் சேதி போய்ச் சேரவேண்டும்.
‘வேகம் அப்படித்தான் வந்தது.’
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
யாழ்ப்பாணத்து மதில்களிலும்
செத்தவர்கள் அதே கறுப்புக் கரைக்குள்தான்
நிற்கிறார்கள்.

இடது காறை எலும்பில் ஒரு முடிச்சு.
வயரை நகர்த்தும்போது விரலில் தட்டுகிறது.
மூன்று முறை உடைந்ததாம்:
பனியில் ஒன்று, நாயால் ஒன்று,
மூன்றாவது ஒரு கன்னியாஸ்திரி,
அதைச் சொல்லமாட்டேன் என்றார்.

ஆறு வருடம் அடுத்தவனுக்குத் தண்ணீர் சுமந்தார்.
சட்டைக்குள் எட்டுப் போத்தல்,
காரிலிருந்து கூட்டத்தின் முன்வரிசைக்கு,
பிறகு மறுபடி காருக்கு.
ஏழாம் வருடம் மலைப்பாதையில் ஆலங்கட்டி மழை.
அணித்தலைவன் வயிறு கலங்கிப் பின்தங்கினான்.
போ என்று சொல்ல யாரும் இல்லை,
நில் என்று சொல்லவும்.
போனார்.
இருபத்தொரு நாள் பந்தயத்தில் மீதி ஐந்து நாளும்
முதல்வனின் சட்டை அவர் முதுகில்.
கழற்றினால் எடுத்துக்கொள்வார்கள் என்று
அதோடேயே தூங்கினார்.
அடுத்த இரண்டு வருடமும் அவர்தான்.
அப்போது வேறொருவன்
அவருக்குத் தண்ணீர் சுமந்தான்.

அவன் பெயரைக் கேட்டேன்.
கூரையைப் பார்த்து யோசித்தார்.
திரையில் முப்பத்தெட்டு,
நாற்பத்தொன்று,
நாற்பத்தாறு.
‘வலது கையில் ஒரு விரல் குட்டை.
பீச் பழம் திருடுவான், ஓடிக்கொண்டே.’
பெயர் வரவில்லை.

முடிந்தது விழுந்து அல்ல.
ஒரு ரயில் கடவை.
முன்னால் ஆறு பேர் கடந்தபின் படலை மூடியது.
ஒரு காலைத் தரையில் ஊன்றி
சரக்குப் பெட்டிகளை எண்ணினார்.
நாற்பத்து மூன்று.
இன்னொன்று வரட்டும் என்று மனசு சொன்னதை
அவரே கேட்டாராம்.
அடுத்த வருடம் இங்கே,
மனைவியின் தங்கை வீட்டு பேஸ்மென்ட்.
இருபத்தெட்டு வருடம்
அடுத்தவர் குளியலறைகளுக்கு ஓடு பதித்தார்,
முழங்காலில் நின்று.

ஜன்னலுக்கு வெளியே எங்கள் நகரத்தின் மலை.
மலை என்றுதான் எல்லாரும் சொல்கிறோம்,
நூறு மீட்டர் சுண்ணாம்புக்கல் சுவர்.
அவர் புருவத்தை மட்டும் உயர்த்தினார்.

தாள் நீண்டு வெளியே வந்தது.
உங்கள் மலைகள் என்று நீட்டினேன்,
கெட்டித்தனமாய்ச் சொன்ன நினைப்பு எனக்கு.
கண்ணாடி போட்டுப் பார்த்தார்.
‘எல்லாம் ஒரே உயரம். இது மலை இல்லை,
கல் பாவிய தெரு.
சமதளம் வந்தால் சொல்லு.
சமதளத்தில் நான் ஜெயித்ததே இல்லை.’

ஒட்டுகளை உரித்தபோது
ஆறு சிவப்பு வட்டம்.
சட்டைப் பொத்தானைத் தானே போட்டார்,
ஒன்று மாறி.

இரண்டு நாள் கழித்து
என் கணினித் திரையில் ஒரு மஞ்சள் சீட்டு,
வரவேற்பறைப் பெண்ணின் கையெழுத்து:
ஒரு கிழவர் கூப்பிட்டார்.
ஒரு பெயர் சொன்னார்,
எழுத்துக்கூட்டி மறுபடியும் சொன்னார்,
வைத்துவிட்டார்.
நோயாளியா?

தூலியோ என்றிருந்தது. அல்லது தூல்யோ.
பிழையாய்த்தான் எழுதியிருப்பாள்.